கப்பல் டூர் போய்விட்டு பேண்ட் பட்டன் போடும்படி திரும்பி வருவது எப்படி

சென்னைத் துறைமுகத்திலிருந்தே சொகுசுக் கப்பல் கிளம்பும் என்று ஆனதிலிருந்து (2022 ஜூனில் முதல்வர் மு.க. ஸ்டாலின் கொடியசைத்து அனுப்பி வைத்த கார்டிலியா கப்பல் மாதிரி) ராயபுரம், தண்டையார்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டை பக்கமெல்லாம் அறுபதாம் கல்யாணத்துக்கும் ஆபீஸ் டூருக்கும்கூட கப்பலேறுவது சகஜமாகிவிட்டது. சீட்டுப் பணத்தை எடுத்துப் போகிறவர்களும் இருக்கிறார்கள். போய்விட்டு வந்தவர்களைக் கேட்டால் இரண்டு விஷயம் சொல்வார்கள். கடல் சூப்பர். பேண்ட் டைட்.

இரண்டாவதற்கு மட்டும் இங்கே வழி சொல்கிறேன். டயட் சார்ட் எதுவும் கிடையாது. அவ்வளவு பணம் கட்டிக் கப்பலேறி அங்கே வெள்ளரிக்காய் கடித்துக்கொண்டு உட்கார வேண்டுமென்றால், பேசாமல் வீட்டிலேயே இருந்துவிடலாம்.

கப்பலில் எடை ஏறுவதற்கு முக்கியமான காரணம் ஒரே வேளையில் அதிகமாகச் சாப்பிடுவது என்று நினைக்கிறோம். கல்யாண வீட்டில் அதைவிட அதிகமாக வெட்டுகிறோம், ஒன்றும் ஆவதில்லை. ஏனென்றால் அங்கே ஒரு பந்திதான். இலையை மூடி எழுந்து கை கழுவிவிட்டால் அதோடு சரி, ராத்திரி வரைக்கும் வயிறு எதையும் கேட்காது. கப்பலில் பந்தி முடிவதே இல்லை. காலை டிபன் கவுண்டரை மூடுகிற நேரத்தில் இன்னொரு பக்கம் டீயும் கேக்கும் வந்துவிடும், அப்புறம் மதியச் சாப்பாடு, நாலு மணிக்கு சமோசா, ஏழரைக்கு டின்னர், ஷோ முடிந்து வெளியே வந்தால் பீட்சா. எல்லாம் டிக்கெட்டிலேயே சேர்ந்திருப்பதால் கையை பாக்கெட்டில் விட வேண்டியதே இல்லை. பசி என்ற ஒன்று வருவதற்கே நேரம் கிடைக்காது. ஆகவே கப்பலில் காப்பாற்ற வேண்டியது இரண்டு சாப்பாட்டுக்கு நடுவில் இருக்கிற இடைவெளியை. நான் சொல்லப் போகிற மற்றதெல்லாம் இதற்கு உதவி செய்வதுதான்.

முதலில் கொஞ்சம் கணக்கு. உடம்பில் ஒரு கிலோ கொழுப்பு சேர வேண்டுமென்றால் தேவைக்கு மேல் ஏறத்தாழ 7,700 கலோரி உள்ளே போக வேண்டும். ஒரு நாளைக்கு 2,000 கலோரி போதும் என்கிற ஆள் கப்பலில் தினமும் 3,500 சாப்பிடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று நாளில் கூடுதலாக 4,500. அரை கிலோவுக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். அப்படியானால் வந்ததும் மெஷினில் ஏறிப் பார்க்கும்போது இரண்டு, மூன்று கிலோ காட்டுவது எப்படி? பெரும்பங்கு தண்ணீர். ஹோட்டல் சமையலில் உப்பு அதிகம், உப்பு தண்ணீரைப் பிடித்து வைக்கும். சோறு, நான் ரொட்டி, இனிப்பு என்று சாப்பிட்ட மாவுச்சத்து கல்லீரலிலும் தசையிலும் கிளைகோஜனாகச் சேரும்போது ஒவ்வொரு கிராமும் தன்னோடு சுமார் மூன்று கிராம் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். இதைத் தெரிந்து வைத்துக்கொண்டால் பாதி பயம் போய்விடும். ஆனால் ஒரு வாரப் பயணம் என்றால் கணக்கு வேறு. சிங்கப்பூருக்கு ஃபிளைட்டில் போய் அங்கிருந்து பினாங்கு, புக்கெட் என்று சுற்றும் பெரிய கப்பலில் ஏழு நாள் இதே வேகத்தில் சாப்பிட்டால் ஒரு கிலோவுக்கு மேல் நிஜக் கொழுப்பாகவே சேரும். வயிற்றில்தான் சேரும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

கிளம்புவதற்கு முன்னால்

போகிற வாரம் முழுக்கப் பட்டினி கிடந்து வயிற்றில் இடம் பண்ணுகிற வேலை வேண்டாம். காய்ந்த வயிறு பஃபேவைப் பார்த்தால் என்ன செய்யும் என்று உங்களுக்கே தெரியும். எப்போதும் போலச் சாப்பிடுங்கள், சாயங்கால பஜ்ஜியை மட்டும் விட்டுவிடுங்கள். கிளம்புகிற அன்று காலையில், காபி குடிப்பதற்கு முன்னால் எடை பார்த்து எழுதி வையுங்கள். தையல் டேப்பால் தொப்புளுக்கு நேராக இடுப்பையும் அளந்துகொள்ளுங்கள். நம் ஊர் உடம்புக்கு ஆண்கள் 90 சென்டிமீட்டர், பெண்கள் 80 சென்டிமீட்டர் தாண்டினால் எச்சரிக்கை என்பது மருத்துவர்கள் வைத்திருக்கும் கோடு. கப்பலில் உள்ள ஜிம்மில் எடை மெஷின் இருந்தாலும் அதை நம்ப வேண்டாம், கடல் ஆடும்போது முள்ளும் சேர்ந்து ஆடும்.

துணி எடுத்து வைக்கும்போது எலாஸ்டிக் வைத்த பேண்டும் நைட்டியுமாக அடுக்காதீர்கள். பட்டன் வைத்த பேண்ட், அளவாகத் தைத்த பிளவுஸ், ராத்திரிச் சாப்பாட்டுக்கு அதைத்தான் போடுவது என்று வைத்துக்கொண்டால், எப்போது நிறுத்த வேண்டும் என்பதை யாரும் சொல்ல வேண்டியிருக்காது. அப்புறம் நடக்கிற மாதிரி ஒரு ஷூ. முறுக்கு, அதிரசம், புளிசாதம் எல்லாம் கட்டிக்கொண்டு போகிற வழக்கம் நமக்கு உண்டு. வீட்டில் சமைத்ததைப் பெரும்பாலான கப்பல் கம்பெனிகள் ஏற்ற விடுவதில்லை. விட்டாலும் வேண்டாம். அங்கே இல்லாததா?

ஏறுகிற நாள் காலையில் வீட்டில் நாலு இட்லியோ ஒரு தட்டு பொங்கலோ சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். தண்டையார்பேட்டையிலிருந்து துறைமுகம் கூப்பிடு தூரம்தான், ஆனால் கேட்டில் வரிசை, லக்கேஜ் ஸ்கேன், அடையாள அட்டை, கேபின் சாவி என்று மணிக்கணக்கில் ஆகும். எல்லாம் முடிந்து உள்ளே நுழைந்ததும் முதலில் திறந்திருப்பது பஃபே. வெறும் வயிற்றோடு அங்கே போய் நிற்கிறவர்கள் அந்த ஒரு வேளையிலேயே ஒரு நாள் சாப்பாட்டை முடித்துவிட்டு, ராத்திரி டின்னருக்கும் சரியான நேரத்துக்கு ஆஜராகிவிடுவார்கள்.

பஃபேயில்

முதல் சுற்றில் தட்டைத் தொடாதீர்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு (சானிடைசர் மட்டும் போதாது, கப்பலில் கூட்டமாகப் பரவுகிற நோரோ வைரஸ் அதற்கு அவ்வளவாக மசியாது), வெறும் கையோடு கடைசி வரைக்கும் நடந்து எல்லா மூடியையும் பாருங்கள். பல பஃபேக்களில் வாசலுக்குப் பக்கத்தில் பிரெட், பூரி, ஃபிரைட் ரைஸ், நூடுல்ஸ் மாதிரி வயிற்றைச் சீக்கிரம் நிரப்புவது இருக்கும், தவாவில் வாட்டிய மீனும் சுட்ட சிக்கனும் நல்ல சாலடும் உள்ளே தள்ளி இருக்கும். தட்டோடு போகிறவர் அந்த இடத்துக்கு வருவதற்குள் தட்டில் இடம் இருக்காது. அப்புறம் அதன் மேலேயே மீனை அடுக்குவார்.

பார்த்து முடித்த பிறகு முடிவு பண்ணுங்கள். தட்டில் பாதி காய், சாலட், பொரியல். கால் பங்கு மீன், சிக்கன், முட்டை, சைவம் என்றால் ராஜ்மா, பருப்பு, பன்னீர், தயிர். மீதிக் கால் பங்கு சோறோ நான் ரொட்டியோ ஏதாவது ஒன்று. இரண்டும் வேண்டாம். சாப்பிடும்போதும் காயை முதலில் முடித்து, அப்புறம் மீன், கடைசியில் சோறு என்று போனால் சர்க்கரை சர்ரென்று ஏறாது, சோறும் தானாகக் குறையும். சோற்றைப் பிசைந்துதான் ஆரம்பிப்பேன் என்கிற கைக்கு இது கொஞ்சம் கஷ்டம்தான், இரண்டு வேளையில் பழகிவிடும். உட்காரும்போது கவுண்டருக்கு முதுகைக் காட்டி, கடல் தெரிகிற ஜன்னல் பக்கமாக உட்காருங்கள். முதல் தட்டு முடிந்ததும் உடனே எழுந்திருக்க வேண்டாம். வயிறு நிறைந்தது மூளைக்குத் தெரிய இருபது நிமிஷம் வரை ஆகும் என்பார்கள், அது வரைக்கும் அரட்டை அடியுங்கள்.

எதை எடுப்பது, எதை விடுவது என்பதற்கு நான் வைத்திருக்கிற அளவுகோல் சுலபமானது: ஊரில் கிடைப்பதைக் கப்பலில் சாப்பிடாதே. பன்னீர் பட்டர் மசாலாவும் வெஜ் நூடுல்ஸும் நம் ஏரியாவில் எந்தத் தெருமுனையில் கிடைக்காது? பிரியாணிக்காகக் கப்பலேறுகிற ஆள் வடசென்னையில் இருக்கவே கூடாது. பீச் ஸ்டேஷன் பக்கம் வண்டிக்கடையில் பர்மா நூடுல்ஸான அத்தோவும் சூப்பும் சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு அங்கே வைக்கிற ஹக்கா நூடுல்ஸ் சப்பென்றுதான் இருக்கும். நாம் சாதாரணமாகச் சாப்பிடாத ஏதாவது, ஒரு நல்ல சூப், ஓவனில் சுட்ட மீன், பேர் தெரியாத சாலட், அதற்கு வயிற்றில் இடம் வையுங்கள்.

இனிப்பு சாப்பிடுங்கள். சாப்பாட்டுத் தட்டோடு சேர்த்து எடுக்காமல், சாப்பிட்டு முடித்துப் பத்து நிமிஷம் கழித்து எழுந்துபோய் ஒன்றே ஒன்று. ஒரு குலாப் ஜாமுன் கிட்டத்தட்ட 150 கலோரி. அதை மெதுவாகச் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது. அதோடு அரை பிரௌனி, கால் கப் கஸ்டர்ட், ருசி பார்க்க ஒரு ஸ்கூப் ஐஸ்கிரீம் என்று போகும்போதுதான் இன்னொரு சாப்பாடு ஆகிவிடுகிறது.

முடிந்தால் பஃபேவை ஒரு நாளைக்கு ஒரு வேளையோடு நிறுத்துங்கள். ராத்திரிக்குக் கப்பலிலேயே மெனு கார்டு கொடுத்துப் பரிமாறுகிற ரெஸ்டாரெண்ட் ஒன்று இருக்கும். அங்கே அளவு அவர்கள் கையில். சாஸைத் தனியாகக் கொண்டு வரச் சொல்லலாம், ஒரு ஸ்டார்ட்டரையே முழுச் சாப்பாடாக வாங்கலாம், இரண்டு பேருக்கு ஒரு டெசர்ட் போதும் என்று சொல்லலாம், யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். என்னைக் கேட்டால் மற்ற எல்லா யோசனையையும் விட இதுதான் வேலை செய்யும்.

இடைவெளிக்கு வருவோம். காலை எட்டரை, மதியம் ஒன்றரை, ராத்திரி எட்டு என்று மூன்று நேரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரே ஒரு தீனி, அது நாலு மணி டீயா, ராத்திரி பீட்சாவா என்று காலையிலேயே முடிவு பண்ணிவிடுங்கள். இரண்டுக்கும் கை நீட்டினால் இடைவெளி போச்சு. நள்ளிரவில் ஷோ முடிந்து வரும்போது பசிக்கிற மாதிரி இருப்பது பாதி தூக்கம். தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டுகிற கிரெலின் என்கிற ஹார்மோன் கூடும். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு கேபினுக்குப் போய்ப் படுங்கள். அப்போதும் வயிறு நிஜமாகவே கேட்டால் ஒரு வாழைப்பழம்.

குடிக்கிறது

சாப்பாட்டைப் பார்த்துப் பார்த்துச் சாப்பிட்டுவிட்டு கிளாஸில் கோட்டை விடுகிறவர்கள் அதிகம். ஒரு கிராம் ஆல்கஹாலில் 7 கலோரி, மாவுச்சத்தில் 4, கொழுப்பில் 9. விஸ்கி ஒரு லார்ஜ் கிட்டத்தட்ட 130 கலோரி, சின்ன பீர் 150-க்குப் பக்கம். தேங்காய்க் கிரீமும் அன்னாசி ஜூஸும் ஊற்றுகிற பினா கொலாடா 300-ஐத் தாண்டும். குடிக்காதவர்கள் சிரிக்க வேண்டாம், கலர் கலராகக் குடை குத்தி வருகிற மாக்டெயிலில் இருப்பது முக்கால்வாசி சர்க்கரைப் பாகு. வாரக்கணக்கில் போகிற பெரிய கப்பல்களில் டிரிங்க்ஸ் பேக்கேஜ் என்று ஒரு நாளைக்கு இவ்வளவு என்று மொத்தமாக விற்பார்கள். அதை வாங்கினால் போட்ட காசை எடுக்க வேண்டும் என்பதற்காகவே குடிப்போம், அதனால் வாங்காதீர்கள். தனித்தனியாகப் பில் வந்தால் கை தானாக அடங்கும். குடிக்கிறவர்கள் கலப்பதை சோடா, தண்ணீரோடு நிறுத்தி, ஒரு கிளாஸுக்கு ஒரு கிளாஸ் தண்ணீர் என்று மாற்றி மாற்றிப் போகலாம். சைடு டிஷ்ஷில்தான் ஆபத்து: 100 கிராம் வேர்க்கடலை 560 கலோரிக்கு மேல், பேச்சு சுவாரசியத்தில் அது எப்போது தீர்ந்தது என்றே தெரியாது.

கடல் காற்றில் வியர்ப்பது தெரியாது, தாகத்தைப் பசி என்று நினைத்துக்கொள்வோம். பாட்டிலில் தண்ணீர் கையிலேயே இருக்கட்டும்.

நடை

லிஃப்டை மறந்துவிடுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்கிறேன். கார்டிலியாவின் எம்ப்ரஸ் கப்பலில் 11 தளம், கேபினிலிருந்து சாப்பாட்டுக்கு, சாப்பாட்டிலிருந்து மொட்டை டெக்குக்கு என்று படியிலேயே போனால் சும்மாவே தொடை வலிக்கும். கப்பல் ஆடுகிற நேரத்தில் மட்டும் கைப்பிடியை விடாதீர்கள். காலை ஆறு மணிக்கு டெக்கில் கூட்டமே இருக்காது, சூரியன் கடலிலிருந்து ஏறுவதைப் பார்த்துக்கொண்டே அரை மணி நேரம் சுற்றலாம். ராபின்சன் பூங்காவில் தினமும் சுற்றுகிறவர்களுக்கு இது பெரிய விஷயமில்லை.

ஆனால் ஒன்று. நடந்து கழித்துவிடலாம் என்று சாப்பிடாதீர்கள். ஒரு கிலோமீட்டர் நடந்தால் 50, 60 கலோரிதான் செலவாகும். அந்த ஒரு குலாப் ஜாமுனுக்கே இரண்டரை, மூன்று கிலோமீட்டர். நடையின் நிஜமான பலன், நடக்கிற நேரத்தில் பஃபே பக்கம் இருக்க மாட்டீர்கள் என்பது.

கப்பல் ஏதாவது ஊரில் நிற்கிற நாள் சுலபமான நாள். 2023 ஜூனிலிருந்து சென்னையிலிருந்து இலங்கைக்கும் கப்பல் விட்டார்கள், அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று. அப்படிப்பட்ட பயணத்தில் இறங்குகிற ஊரின் சாப்பாட்டுக்காக அன்றைக்கு மதிய பஃபேவையே விட்டுவிடலாம். யாழ்ப்பாணத்துப் பக்கம் மீனும் நண்டும் இறாலும் போட்டு ஒடியல் (காய்ந்த பனங்கிழங்கு) மாவில் காய்ச்சுகிற கூழ் இருக்கிறது, காசிமேட்டுக்காரர்களுக்கு முதல் வாயிலேயே பிடித்துவிடும். அம்பாந்தோட்டைப் பக்கம் எருமைத் தயிரும் கித்துள் பாணியும் (கித்துள் பனையின் பாகு). திருகோணமலையில் கோணேசர் கோயிலுக்கு மலையேறி இறங்கினால் நடையும் ஆச்சு. திரும்பிக் கப்பலுக்குள் கால் வைத்ததும் "மதியம் ஒன்றும் சாப்பிடவில்லையே" என்று பஃபே பக்கம் திரும்பாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சர்க்கரை, பிரஷர் உள்ளவர்களுக்குத் தனியாக. மாத்திரை, இன்சுலின், குளுக்கோமீட்டர் எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். பெரிய பெட்டியைக் கீழேயே வாங்கிக்கொண்டு கேபினுக்கு அனுப்புவார்கள், அது வந்து சேர சில மணி நேரம் ஆகலாம். கிளிமிபிரைடு மாதிரி மாத்திரை போடுகிறவர்கள், எடைக்காக ஒரு வேளையைத் தள்ளுகிற வேலையே கூடாது. மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரும். கிளம்புவதற்கு முன்னால் டாக்டரிடம் சாப்பாட்டு நேரம் மாறும் என்று சொல்லி, அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள். பிரஷர்காரர்கள் ஊறுகாய், அப்பளம், சூப், சாஸ் நாலையும் பார்த்து நடந்தால் போதும். கடல் ஒத்துக்கொள்ளாமல் குமட்டினால் வெறும் வயிற்றோடு இருக்காதீர்கள், எண்ணெய்ப் பலகாரமும் வேண்டாம். இஞ்சி, உப்பு பிஸ்கட், கொஞ்சம் தயிர் சாதம்.

இவ்வளவும் சரி, கூட வருகிற சொந்தக்காரர்களை என்ன பண்ணுவது? கூட்டமாகப் போகிற டூரில் கண்டிப்பாக ஒரு மாமா இருப்பார். "இன்னாமா இது, இம்மாந் துட்டு கட்டிட்டு வந்து தயிர் சாதம் துன்னுற? எடுத்தாந்து குடுக்கட்டா?" என்பார், சொல்லிவிட்டு நிஜமாகவே இன்னொரு தட்டில் அடுக்கிக்கொண்டு வந்துவிடுவார். அவரிடம் கலோரி பேசிப் பயனில்லை. "வேணாம் மாமா, நைட்டு உங்க கூட உக்காந்து நல்லா சாப்பிடுறேன், இப்ப வாங்க மேல போயி காத்து வாங்கலாம்" என்று கிளப்பிக்கொண்டு போய்விடுங்கள். டயட் என்ற வார்த்தையை மட்டும் சொல்லவே கூடாது. சொன்னால் பயணம் முடியும் வரைக்கும் உங்கள் தட்டுதான் எல்லோருக்கும் பேச்சு. பிள்ளைகளை அதட்ட வேண்டாம், அவர்கள் நீச்சல் குளத்திலேயே கரைத்துவிடுவார்கள். அவர்கள் மிச்சம் வைக்கிற சிக்கன் நக்கெட்டையும் பிரெஞ்சு ஃபிரைஸையும் "வீணாப் போகுதே" என்று வாயில் போடுகிற அம்மாக்கள்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

திரும்பி வந்த மறுநாள் மெஷினில் ஏறாதீர்கள். ஜூஸ் மட்டும் குடிக்கிறேன், மூன்று நாள் விரதம் இருக்கிறேன் என்று உடம்பைப் படுத்தவும் வேண்டாம். வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்புங்கள்: ரசம், கீரை, காலையில் காசிமேட்டிலிருந்து சங்கராவோ நெத்திலியோ வாங்கி வந்து வறுக்காமல் குழம்பு. தண்ணீர் நிறைய. நாலைந்து நாளில் உப்புத் தண்ணீர் இறங்கிவிடும். ஊருக்கு வந்த பிறகும் நாலு மணிக்கும் ராத்திரி பதினொரு மணிக்கும் வயிறு கடிகாரம் மாதிரி கேட்கும், அந்த இரண்டு நேரத்திலும் சில நாளைக்கு மோரோ சர்க்கரை போடாத டீயோ குடித்துச் சமாளித்தால் பழக்கம் விட்டுவிடும், இல்லையென்றால் கப்பலில் ஏறிய அரை கிலோவை விட இந்தப் பழக்கம் ஏற்றுவது அதிகமாக இருக்கும்.

எட்டாவது நாள் காலையில், காபிக்கு முன்னால், அதே மெஷினில் பாருங்கள். எழுதி வைத்த எடையை விட ஒரு கிலோ அதிகமாக நின்றால் அது நிஜமாகவே ஏறியது. தினமும் 500 கலோரி குறைத்தால் இரண்டு வாரத்தில் இறங்கும். மதியம் ஒரு கரண்டி சோறு, சாயங்கால பஜ்ஜி, டீயில் போடுகிற சர்க்கரை மூன்றையும் குறைத்து, ராத்திரி ஒரு தோசையைக் கழித்தாலே ஏறக்குறைய அந்த அளவு வந்துவிடும்.